தாத்தா பெட்டியில் கிட்டப்பா தட்டு: பாடுவது ஆணா, பெண்ணா?

மானாமதுரை ஜெயா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் வீட்டை விற்பதற்காகப் போன மாதம் காலி செய்தோம். பரணில் தாத்தாவின் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. மேலே பழைய பஞ்சாங்கங்கள், அதற்கடியில் கிழிந்த ஜமுக்காளம், அதற்குள் சுற்றிய நாலு கிராமபோன் தட்டுகள். ஒன்று கையில் எடுக்கும்போதே அப்பளம் மாதிரி இரண்டாகப் போய்விட்டது. கூடவே தீப்பெட்டி அளவில், நாய் படம் போட்ட ஒரு தகர டப்பா. குலுக்கினால் கலகலவென்கிறது. திறந்தால் உள்ளே துருப்பிடித்த ஊசிகள்.

மிச்சமிருந்த மூன்றில் இரண்டின் லேபிளைப் பூச்சி தின்றுவிட்டது. மூன்றாவதில் ‘கிட்டப்பா’, ‘எவரனி’ என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் தெரிகின்றன. தட்டு முழுக்க ஒரே அழுக்கு. நானும் புத்திசாலித்தனமாக, மருந்துப் பெட்டியில் இருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து லேபிள் போன ஒரு தட்டைத் துடைத்தேன். பஞ்சு கறுப்பானது, அழுக்குதான் வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். காய்ந்த பிறகு பார்த்தால் துடைத்த இடம் மட்டும் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. கெடுத்துவிட்டேனா?

சரி, பாட்டாவது கேட்போம் என்று யூடியூபில் தேடி எவரனியைப் போட்டேன். அடுப்படியிலிருந்து வீட்டுக்காரர், ‘யாரு இந்தம்மா, இவ்வளவு கணீர்னு பாடறாங்க?’ என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆம்பிளைக் குரல் இவ்வளவு மேலே போகுமா, இல்லை பதிவேற்றியவர்கள் வேகத்தைக் கூட்டிவிட்டார்களா?

இன்னொன்று. கிட்டப்பாவைப் பற்றித் தேடினால் எல்லோரும் ஒரே கதையைத்தான் எழுதியிருக்கிறார்கள்: கே.பி.சுந்தராம்பாளின் கணவர், சின்ன வயதிலேயே இறந்துவிட்டார், அந்த அம்மா காலம் முழுக்க வெள்ளைச் சேலை கட்டினார். அதெல்லாம் சரி. அந்த மனிதர் இருந்தவரை என்ன செய்தார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சினிமாப் பித்தன் எழுதியது:

ஆஹா, புதையல்! பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.ஜி.கிட்டப்பா அந்தக் காலத்து சூப்பர் ஸ்டார். மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போனது, அப்போது வயது 28. பேசும் படம் வந்ததும் இரண்டு மூன்று படங்களில் நடித்தார். கே.பி.எஸ்.ஸுடனான காதலை மட்டும் இன்றைக்குப் படமாக எடுத்தால் வசூல் அள்ளும்.

பின்பாட்டு எழுதியது:

பித்தன் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், நாலு வரியில் மூன்று தப்பு வந்துவிட்டது. கிட்டப்பா பிறந்தது 1906 ஆகஸ்ட் 25, போனது 1933 டிசம்பர் 2. விரல் விட்டு எண்ணினால் 27தான் வருகிறது. மேடையிலேயே உயிர் விட்டவர் இன்னொரு நாடக நடிகர், விஸ்வநாததாஸ். அது 1940 கடைசியில், சென்னையில், முருகன் வேஷத்தில் இருக்கும்போது. கிட்டப்பாவும் 1933இல் திருவாரூர் மேடையில் மயங்கி விழுந்தார், அதனால்தான் இரண்டும் கலந்துவிடுகிறது. ஆனால் அவர் கண்ணை மூடியது செங்கோட்டையில். சினிமாவில் அவர் நடிக்கவே இல்லை. தமிழின் முதல் பேசும் படம் காளிதாஸ் வெளிவந்தது 1931 அக்டோபர் 31. படப்பிடிப்பு பம்பாயில். கிட்டப்பாவுக்கு அதற்குப் பிறகு கிடைத்தது இரண்டே வருஷம், அதிலும் கடைசியில் உடம்பு சரியில்லை. ஜெயா அம்மா வைத்திருப்பது போன்ற தட்டுகளும் சில புகைப்படங்களும்தான் மிச்சம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்துக்கு (நடிகர்களை ஒவ்வொரு ராத்திரிக்கும் தனித்தனியாக அமர்த்திப் போடும் நாடகம்) 38 வருஷம் ஆர்மோனியம் வாசித்தவன். அப்பாவும் அதே தொழில். பங்குனியிலிருந்து ஆடி வரை ராத்திரி பத்து மணிக்குப் பெட்டியில் கை வைத்தால் விடியும்போதுதான் எடுப்போம். கிட்டப்பாவை அப்பா நேரில் பார்த்ததில்லை, அவருடைய குரு பார்த்திருக்கிறார். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் காலை மடக்கி உட்காருவோம்.

அவர் என்ன செய்தார் என்றுதானே கேட்டீர்கள்? வேலை செய்தார். ஆறு வயதில் தொடங்கிச் சாகும் வரை ராத்திரி ராத்திரியாக வேலை. ‘இளம் வயதில் மறைந்த மேதை’ என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. 27 வயதில் போன மனிதருக்குத் தொழிலில் இருபது வருஷ சர்வீஸ்!

செங்கோட்டை கங்காதர ஐயருக்கு நிறையப் பிள்ளைகள், கையில் காசில்லை. பிள்ளைகளில் சிலர் நாடகத்துக்குப் போனார்கள். கிட்டப்பாவின் சொந்தப் பெயர் ராமகிருஷ்ணன். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்தார். பாய்ஸ் கம்பெனி, அதாவது சிறுவர்களை வைத்து நடத்தும் நாடகக் கம்பெனி என்றால் இன்றைய குழந்தை நட்சத்திரம் கதையை நினைக்காதீர்கள். சோறு, துணி, வாத்தியார் கையில் பிரம்பு. பாடம் தப்பினால் விழும். ராத்திரி முழுக்க நாடகம், பகலில் ஒத்திகை. பின்னாளில் பெரிய நாடக நடிகரான டி.கே.சண்முகம் 1918இல் உள்ளே வரும்போது அவருக்கும் ஆறு வயதுதான். பின்னால் எம்.ஜி.ஆர்., சிவாஜி எல்லோரும் வந்த பாதை இதுவே.

அந்தப் பையன்களுக்கு எமனாக வருவது மகரக்கட்டு. பதின்மூன்று, பதினாலில் குரல் உடையும். நேற்று வரை கொட்டகையைக் கட்டிப் போட்ட பையன் இன்று வாயைத் திறந்தால் தகரத்தில் ஆணியால் கீறின மாதிரி வரும். பாட்டுக்காக எடுத்த பையனைப் பாட்டு போன பிறகு எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? எடுபிடி வேலைக்கோ திரை இழுக்கவோ போவான், இல்லையென்றால் ஊருக்கு ரயில் ஏறுவான். கிட்டப்பாவும் அந்த வாசலைத் தாண்டித்தான் வந்தார். ஆனால் உயரம் குறையாமல் வந்தார் பாருங்கள், அதைத்தான் நான் அதிசயம் என்பேன்.

இப்போது உங்கள் வீட்டுக்காரரின் கேள்வி. கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு. ஆர்மோனியத்தில் முதல் கட்டை என்பது வெள்ளைக்காரர்களின் ‘சி’. ஆண்கள் சாதாரணமாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைக்குப் பாடுவார்கள். பெண்கள் நாலரை, ஐந்து, ஐந்தரை. கிட்டப்பா பாடியது ஐந்து கட்டைக்கு என்பார்கள், ஐந்தரை என்பவர்களும் உண்டு. அதாவது பெண்களின் சுருதியில் நின்றுகொண்டு, அங்கிருந்தும் மேலே தாவுவார். பொம்பளைக் குரல் என்று நினைத்ததில் உங்கள் வீட்டுக்காரர் மேல் தப்பே இல்லை.

ஏன் அவ்வளவு மேலே பாடினார்கள்? மைக் கிடையாது. தகரக் கொட்டகை, ஆயிரக்கணக்கில் ஜனம், நடுவில் சோடாக்காரன், அழுகிற பிள்ளை. கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவன் காதில் விழாவிட்டால் மறுநாள் கூட்டம் வராது. தாழ்ந்த குரல் கூட்டத்துக்குள் அமுங்கிவிடும், உச்சக் குரல் கிழித்துக்கொண்டு போகும்.

வெளியே அதிகம் தெரியாத இன்னொரு காரணமும் உண்டு. வள்ளி திருமணத்தில் வேடனாக வரும் முருகனும் வள்ளியும் தர்க்கம் செய்வார்கள். இவர் ஒரு பாட்டு, அவர் பதில் பாட்டு, மூச்சு விடக்கூட இடைவெளி இருக்காது. ஆண் ஒரு கட்டை, பெண் ஐந்து கட்டை என்றால் பெட்டிக்காரன் கதி என்ன? நாங்கள் ஒரு உபாயம் வைத்திருக்கிறோம். ஆணை ஒரு கட்டையிலும் பெண்ணை நாலு கட்டையிலும் நிறுத்திவிட்டால், அவருடைய மத்திமம் (ம) இவருக்கு ஷட்ஜமாகிவிடும் (ஸ), விரலை அதிகம் நகர்த்தாமல் ஓட்டலாம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் பாட்டு ஒரு படி இறங்கி ஏறும், காரம் போய்விடும். ராஜபார்ட்டே, அதாவது கதாநாயகனே, ஐந்து கட்டைக்கு வந்துவிட்டால்? இருவரும் ஒரே தரையில் நின்று சண்டை போடலாம். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் சேர்ந்தபோது ஜனம் பைத்தியமாய்த் திரண்டதற்குக் காதலைக் காரணம் சொல்கிறார்கள். பெட்டிக்காரன் புத்தி எனக்கு, நான் சுருதியைச் சொல்வேன்.

அவருக்குப் பெட்டி வாசித்தது சொந்த அண்ணன் காசி ஐயர். அது பெரிய கொடுப்பினை. அடுத்த சங்கதி எங்கே போகப்போகிறது என்று மூச்சு இழுக்கும்போதே தெரிந்துவிடும்.

இன்றைக்கும் எங்கள் பக்கம் முருகன் வேஷம் கட்டுகிறவர் ‘காயாத கானகத்தே’ பாடாமல் இறங்க முடியாது, ஜனம் விடாது. பாட்டு சங்கரதாஸ் சுவாமிகளுடையது. பாடுகிற தினுசு மட்டும் கிட்டப்பா போட்ட வழி. பாடுகிற பையன்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரியாமலே பாடுகிறார்கள், அதுவும் நல்லதுக்குத்தான்.

அரக்குத்தட்டு எழுதியது:

பின்பாட்டு ஐயா சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்ல? தட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஜெயா மேடம், ஸ்பிரிட்டை இன்றோடு மூடி வைத்துவிடுங்கள். அந்தத் தட்டு அரக்கால் ஆனது. அரக்கோடு கல்பொடியும் கரியும் சேர்த்து அழுத்தியிருப்பார்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். உங்கள் ஊர் ஆசாரியிடம் கேளுங்கள், கதவுக்கு பாலிஷ் போடுவதே ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துத்தான். பஞ்சில் வந்த கறுப்பு அழுக்கு மட்டுமில்லை, பாட்டும்தான். துடைத்த இடத்தில் இரைச்சல் கூடும், ஆனால் முழுக்கப் போயிருக்காது. நானும் முதல் தட்டில் இதையேதான் செய்தேன், அதனால் திட்ட எனக்கு உரிமையில்லை.

சுத்தம் செய்ய, பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மெத்தென்ற பிரஷ். பள்ளம் ஓடுகிற வாக்கிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும், குறுக்கே வேண்டாம். லேபிளில் தண்ணீர் படக்கூடாது. பிறகு நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் மதியத்துக்குள் தட்டு சிப்ஸ் மாதிரி வளைந்துவிடும். அடுக்கும்போது புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டால் அடியில் இருப்பது விரிசல் விடும்.

அந்த நாய் டப்பா ஊசிகளை ஆசைக்குக்கூடத் தொடாதீர்கள். டப்பாவுக்கு 200 ஊசி எதற்கு என்று யோசித்தீர்களா? ஒரு பக்கம் பாடினால் ஒரு ஊசி தீர்ந்தது, தூக்கிப் போட வேண்டும். துருப்பிடித்ததை வைத்தால் கலப்பை ஓட்டின மாதிரிதான். நிமிஷத்துக்கு 78 சுற்று வேகம் உள்ள டர்ன்டேபிளில் 78க்கென்றே இருக்கும் ஸ்டைலஸ் (ஊசி முனை) போட வேண்டும். பின்னால் வந்த எல்பி தட்டுக்கான ஸ்டைலஸைவிட அதன் முனை மூன்று மடங்கு அகலம். எல்பி முனையைப் போட்டால் பள்ளத்தின் அடியில் உருண்டு வெறும் கரகரப்பை எடுத்துக் கொடுக்கும்.

வேகத்தைக் கூட்டியிருப்பார்களா என்றீர்கள். யாரும் வேண்டுமென்று கூட்டியிருக்க மாட்டார்கள், ஆனால் கூடியிருக்கலாம். 78 சுற்று என்று பேர்தான். அந்தக் காலத்துப் பதிவு எந்திரங்கள் அப்படி இப்படி ஓடின. வேகம் 6 சதவீதம் ஏறினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். 78க்குப் பதில் 82, 83இல் ஓட்டினால் ஐந்து ஐந்தரையாகிவிடும். கிட்டப்பா ஐந்தா ஐந்தரையா என்று இருபது வருஷமாக அடித்துக்கொள்கிறோமே, அதில் பாதிச் சண்டை பாடினவரைப் பற்றியது இல்லை, மோட்டாரைப் பற்றியது. ஒன்று மட்டும் நிச்சயம். அவரை இரண்டு கட்டைக்கு இறக்க வேண்டுமென்றால் தட்டை 58, 59 சுற்றில் ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டினால் மிருதங்கம் தூங்கி விழும், வார்த்தை ஜவ்வாக இழுக்கும், எந்தக் காதும் ஒப்புக்கொள்ளாது. ஆகவே குரல் உயரம் நிஜம்தான். (சாவி கொடுக்கும் கிராமபோனில் ஸ்பிரிங் தளர்ந்தால் கே.பி.எஸ். கூட தாத்தா குரலில் பாடுவார், அது வேறு வேடிக்கை.)

குற்றாலச் சாரல் எழுதியது:

ஒரு ஊர்க்காரன் குறிப்பு. கிட்டப்பா காலத்தில் செங்கோட்டை சென்னை மாகாணத்தில் இல்லை. திருவிதாங்கூர் மகாராஜா நாடு. 1956 நவம்பர் 1இல்தான் எங்களை இந்தப் பக்கம் சேர்த்தார்கள். ஊருக்குள் நுழையும் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்றும் இருக்கிறது. தமிழ்நாடகத்தின் பெரிய ராஜபார்ட் ஒருவிதத்தில் வெளிநாட்டுப் பிரஜை. கொல்லம் ரயில் 1904லேயே வந்துவிட்டதால் மதுரைக்கு ஏறி இறங்குவது அவர்களுக்குப் பக்கத்துத் தெரு போல. என் ஆச்சி ‘கிட்டப்பா’ என்று மட்டும் சொல்லமாட்டாள், எப்போதும் ‘நம்ம கிட்டப்பா’தான்.

சினிமாப் பித்தன் எழுதியது:

மூன்று தப்பையும் ஒப்புக்கொள்கிறேன் ஐயா. நாடக வேலையைப் பற்றிச் சொன்னீர்கள், மனசுக்கு நிறைவு. ஆனால் காதல் கதையை அப்படியே ஒதுக்கிவிட்டால் எப்படி? இலங்கையில்தானே சந்தித்தார்கள்? அவரைத் தவிர யாருடனும் ஜோடி சேரமாட்டேன் என்று கே.பி.எஸ். இருந்தது சாதாரண விஷயமா?

பின்பாட்டு எழுதியது:

ஒதுக்கவில்லை தம்பி. அது மட்டுமே மிஞ்சிவிட்டதே என்ற வருத்தம்தான்.

இலங்கைதான். கொழும்பில் சுந்தராம்பாள் கொடிகட்டிப் பறந்த சமயம். ‘அந்தம்மாளோடு ஜோடி போட்டால் உன் குரல் எடுபடாது’ என்று கிட்டப்பாவைப் பயமுறுத்தினார்கள் என்பார்கள். பயமுறுத்தினவர்கள் நாடகம் முடிந்து என்ன சொன்னார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை! சுந்தராம்பாள் கொடுமுடி, காவிரிக்கரை. கிட்டப்பாவுக்கு 1924லேயே கல்யாணம் ஆகிவிட்டது, வீட்டில் மனைவி இருந்தார். அப்படியிருந்தும் 1927இல் மாயவரத்தில் சுந்தராம்பாளைத் திருமணம் செய்துகொண்டார். பிறந்த குழந்தை சில நாட்களில் இறந்தது. பிறகு மனஸ்தாபம், பிரிவு, கடிதங்கள். அந்தக் கடிதங்களை இன்றைக்கு எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கு அதைப் படிக்கக் கூச்சம். இன்னொருவர் வீட்டு ஜன்னலில் எட்டிப்பார்க்கிற மாதிரி இருக்கும். முதல் மனைவி கிட்டம்மாளுக்குக் கடிதம் எழுதத் தெரியுமோ தெரியாதோ, அவர் பக்கத்துக் கதையை எந்தச் சினிமாக்காரரும் கேட்கப்போவதில்லை.

வயிற்று நோய். அதோடு குடியும் சேர்ந்தது என்பார்கள். நான் நாடகக்காரன், ராத்திரி மூன்று மணிக்கு உச்சஸ்தாயியில் நின்றவனின் உடம்பு விடிகாலையில் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறேன். தூக்கம் வராது. தொண்டை எரியும், வயிறு காலி, அடுத்த ஊருக்கு வண்டி தயாராக நிற்கும். கையில் எது கிடைக்கிறதோ அதைக் குடித்துவிட்டுச் சாய்கிறவர்கள் எங்கள் தொழிலில் எத்தனையோ பேர். என் கூடவே வாசித்த மிருதங்கக்காரர் அப்படித்தான் போனார், 41 வயதில். பெரிய மனிதர் என்பதால் கிட்டப்பாவுக்கு மட்டும் அது காவியமாகிவிடுகிறது.

அவர் போனபோது சுந்தராம்பாளுக்கு 25. ஆண் நடிகர்களோடு ஜோடி சேருவதில்லை என்று முடிவு எடுத்தார். ஆனால் அது ஒரு மூலையில் உட்கார்ந்த முடிவு இல்லை. 1935இல் நந்தனாராக, ஆண் வேஷத்தில், தானே நாயகனாக நடித்தார். சம்பளம் ஒரு லட்ச ரூபாய் என்று ஊரே பேசியது. பிறகு மணிமேகலை, ஔவையார் என்று துறவியாகவும் கிழவியாகவும் நின்றே 1980 வரை வாழ்ந்து காட்டினார். வெள்ளைச் சேலையை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் கண்ணில் படுவதில்லை.

கிட்டப்பா இருந்திருந்தால்? இந்த யோசனை எனக்கும் வரும். எம்.கே.தியாகராஜ பாகவதரின் முதல் படம் பவளக்கொடி 1934இல் வந்தது, கிட்டப்பா போன அடுத்த வருஷம். பாகவதர் அவரைவிட மூன்றரை வயதுதான் இளையவர். காலியான நாற்காலி அப்படியே சூடு ஆறாமல் கைமாறியது.

ஜெயா அம்மா, உங்கள் தாத்தாவின் எவரனியைப் பற்றி ஒன்று. அது தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனை, தேவாமிர்தவர்ஷிணி ராகம். சபாவில் அங்கவஸ்திரம் போட்டு உட்கார்ந்து கேட்கிற பாட்டை அவர் நாடக மேடையில் முகத்தில் அரிதாரத்தோடு நின்று பாடினார். முறையாகப் பல வருஷம் குருகுலம் இருந்தவர் இல்லை, கேள்வி ஞானம் என்பார்கள். சபா வாசலை மிதிக்காத, மிதிக்க முடியாத ஜனம் ரெண்டணா டிக்கெட்டில் தெலுங்குக் கீர்த்தனையைக் காது நிறையக் கேட்டது. வள்ளலாரின் ‘கோடையிலே இளைப்பாற்றி’யையும் தட்டில் கொடுத்திருக்கிறார். தாத்தா என்ன வியாபாரம்?

மானாமதுரை ஜெயா எழுதியது:

ஜவுளிக்கடை ஐயா. சின்னக் கடை. சபாவுக்கெல்லாம் போனவர் இல்லை. திருவிழா நாடகத்துக்கு ஒன்றுவிடாமல் போவாராம், கடையைப் பூட்டிவிட்டு. தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் அந்தத் தட்டு எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று புரிகிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அரக்குத்தட்டு சார் சொன்ன மாதிரியே கழுவினேன். லேபிள் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்திக்கொண்டு தேய்த்தேன், சொட்டுத் தண்ணீர் படவில்லை. நான் கெடுத்த தட்டின் சாம்பல் பூத்த இடம் அப்படியேதான் இருக்கிறது. உள்ளங்கை அகலம். பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

போனில் சுருதிப் பெட்டி ஆப் இறக்கி, எவரனியின் இரண்டு பதிவேற்றங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்று ஐந்தோடு ஒட்டுகிறது. மற்றது ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் எங்கோ தொங்குகிறது, எதைப் போட்டாலும் சேரவில்லை. பாட்டு தெரியாத எனக்கே காது கூசுகிறது. மோட்டார் சண்டை என்று சொன்னது இதுதானா? வீட்டுக்காரர் இப்போது அடுப்படியிலிருந்து ‘ஐந்தா, ஐந்தரையா?’ என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அரக்குத்தட்டு எழுதியது:

அதேதான். நடுவில் தொங்குகிறதே, அது சரியான வேகத்துக்கு யாரும் கொண்டுவராத பதிவு. மதுரையில் என்னிடம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டர்ன்டேபிள் இருக்கிறது, ஸ்டைலஸும் இருக்கிறது. தட்டை அனுப்பாதீர்கள், கூரியரில் வருவது பொடியாகத்தான் வரும். எனக்கு அப்படி ஒரு முறை எட்டுத் தட்டு போனது. யாராவது மடியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு பக்கமும் அட்டை, நடுவில் துணி. பேருந்தில் பின்சீட்டு வேண்டாம்.

மானாமதுரை ஜெயா எழுதியது:

வருகிற ஞாயிறு நானே மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன் சார். மூன்றையும். உடைந்ததையும் கொண்டுவரட்டுமா? அதன் லேபிள் நன்றாக இருக்கிறது, ஆனால் அது ஏதோ ஹிந்துஸ்தானி.

இன்னொரு சமாச்சாரம், பின்பாட்டு ஐயாவுக்காக. எங்கள் பாட்டிக்கு 86 வயது. தாத்தா தட்டு கேட்டதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால், அதனால் கிட்டப்பா யாரென்று அவருக்குத் தெரியாது. நேற்று சாயந்திரம் கட்டிலுக்குப் பக்கத்தில் போனை வைத்துக் கிட்டப்பா பாடிய ‘காயாத கானகத்தே’யைப் போட்டேன். பாட்டி 1945இல் வந்த ஸ்ரீவள்ளி படத்தை டூரிங் கொட்டகையில் மூன்று தடவை பார்த்தவர், அதில் டி.ஆர்.மகாலிங்கம் இதே பாட்டைப் பாடுவாராமே. கண்ணை மூடிக்கொண்டு, விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டார். முடிந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார்:

‘நல்லாத்தான் பாடறான். ஆனா யாருடி இவன், மகாலிங்கத்தை அப்படியே காப்பியடிக்கிறான்?’